வசதி உண்டு என்று எழுதிய கடிதம்



ஒரு கால்பந்து ஆட்டத்தைக் காண்பதற்காகக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குச் செல்லலாமா என்னும் பேச்சு எங்கள் வீட்டில் ஓராண்டாக நடந்து வருகிறது. இதை எழுதுவது கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும். இது போய் வந்த கதையன்று. போவதற்குத் திட்டமிட்ட கதை. அந்தத் திட்டம் எங்களைப் பற்றி எங்களுக்கே ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. வளரும் பிள்ளைகளைக் கொண்ட பிற குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் பகிர்ந்துகொள்கிறோம்.

எங்களுக்கு மக்கள் இருவர். மூத்தவனுக்கு 16 வயது, இளையவளுக்கு 13. கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்த நாங்கள் பல ஆண்டுகளாகச் சென்னையில் வாழ்கிறோம். எங்களில் ஒருவருக்கு மண்ணடியில் சிறு கடை. மற்றவருக்குப் பள்ளி ஆசிரியப் பணி. பெரும் செல்வமும் இல்லை, வறுமையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கிலாந்து அல்லது ஸ்பெயின் நாட்டு அணிகளின் பின்னால்தான் செல்கின்றனர். எங்கள் மகனோ பன்னிரண்டு வயதில் ஜெர்மனியின் பொருசியா டோர்ட்மண்ட் அணியிடம் மனத்தைக் கொடுத்தான். அவனை ஈர்த்தவர்கள் பார்வையாளர்கள். அந்த அணியின் மைதானத்தில் 81,365 பேர் ஆட்டம் காணலாம். அதன் தென்புற மாடத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர், இருக்கையே இன்றி, மஞ்சள் உடையணிந்து, ஆட்டம் முழுவதும் நின்றபடியே காண்கின்றனர். 'மஞ்சள் சுவர்' என்று உலகம் அதை அழைக்கிறது. "ஸஃப்பில் நிற்பதுபோல் தோளோடு தோள் நிற்கிறார்கள், பாருங்கள் வாப்பா" என்று ஒருநாள் சொன்னான். நம் ஸஃப்புகளில் நாம் இவ்வளவு நெருங்கி நிற்பதில்லையே என்று எங்களுக்குத் தோன்றியது.

அந்த அணியின் பிறப்பைப் பற்றியும் அவனே படித்துச் சொன்னான். 1909ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று, டோர்ட்மண்ட் நகரத் தேவாலயம் ஒன்றின் இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்கள், கால்பந்தை விரும்பாத தம் பாதிரியாரோடு முரண்பட்டு வெளியேறி, ஒரு விடுதியின் மாடியில் கூடி இந்த அணியைத் தொடங்கினர். பெயரும் அருகிலிருந்த மதுபான ஆலையின் பெயர்தான் என்கின்றனர். மகன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்களால் முழுமையாகச் சிரிக்க முடியவில்லை. பெரியவர்கள் மறுத்தார்கள், பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்கள் என்பதே எங்கள் காதில் விழுந்தது.

ஏனெனில் அந்நாட்களில் எங்கள் வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன் மகன் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். படிப்பு, கைபேசி, தொழுகை என எதைப் பற்றிக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் விடை வரும். ஜெர்மனியின் சனிக்கிழமைப் பிற்பகல் 3:30 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8 மணி. அங்கே கோடைக் கடிகாரம் தொடங்கியபின் மாலை 7 மணி. 7 மணி ஆட்டமென்றால் நடுவில் இஷா வந்துவிடும். பாங்கு கேட்டதும் எழுகிறானா, இடைவேளைவரை காத்திருக்கிறானா என்று நாங்கள் வாய்திறவாமல் கவனிப்போம். நாங்கள் கவனிப்பதை அவனும் கவனிப்பான். அந்த மௌனம் ஏச்சைவிடக் கனமானது.

அந்தத் தவிப்பில்தான் ஒருநாள் வாக்களித்தோம்: "தேர்வை நன்றாக எழுது. இன்ஷா அல்லாஹ், நால்வரும் சேர்ந்து அந்த மஞ்சள் சுவரை நேரில் காண்போம்." அவன் நன்றாகவே எழுதினான். வாக்கு எங்கள் மீது கடனாக நின்றது.

ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம். திட்டம் முழுவதையும் அவனே தீட்ட வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் கணக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தொழுகை நேரமும் அதில் இருக்க வேண்டும். அடுத்த வாரமே இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி மஞ்சள் அட்டை போட்டுக்கொண்டு வந்தான். சாத்திய கதவு அன்று திறந்தது.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவது எவ்வளவு சிக்கலானது என்பதை அந்த நோட்டிலிருந்துதான் அறிந்தோம். ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரான பன்டஸ்லிகாவில் 18 அணிகள். ஓர் அணிக்கு 34 ஆட்டங்கள். பருவம் தொடங்குமுன்பே அட்டவணை வந்துவிடும். ஆனால் பெரும்பாலான சுற்றுகளுக்கு வார இறுதி மட்டுமே தெரியும். ஆட்டம் வெள்ளி இரவிலா, சனியிலா, ஞாயிறிலா என்பது சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். விசாவுக்கோ பயணத் திட்டத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். மகன் இதற்கொரு வழி கண்டான். கடைசிச் சுற்றின் ஒன்பது ஆட்டங்களும் மே மாதத்தில் ஒரே சனிக்கிழமை, ஒரே நேரத்தில், பிற்பகல் 3:30 மணிக்குத் தொடங்கும். அந்தச் சுற்று டோர்ட்மண்டின் சொந்த மைதானத்திலேயே அமைந்திருந்தது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அதையே வட்டமிட்டான்.

பிறகு தொழுகை அட்டவணை. மே நடுவில் டோர்ட்மண்டில் லுஹர் நேரம் பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன் தொடங்குகிறது. அஸர் ஐந்தரை மணிக்குப் பின். மஃரிப் இரவு ஒன்பது மணிக்கும் மேல். 3:30க்குத் தொடங்கும் ஆட்டம், இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து ஐந்தரை மணிக்குள் முடிந்துவிடும். "லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் சரியாக ஓர் ஆட்டம் பொருந்துகிறது" என்று வியந்தான். இஷாவுக்கோ நள்ளிரவு நெருங்கிவிடும். பயணியாக இருப்பதால் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதியுண்டு என்பதையும், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரூரில் நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கலாம் என்பதையும் எழுதினான். வியாழன் டோர்ட்மண்டில் இறங்கித் திங்கள் புறப்பட்டால் இடையில் மூன்றே நாட்கள். மதரஸாவில் மனப்பாடம் செய்தபோது கொட்டாவி விட்ட பாடங்கள்தாம் இவை. போவதற்கு ஓர் ஊர் இருந்ததும் அவை அவனுக்கு உயிர் பெற்றன.

உணவைப் பற்றிய அச்சமும் அகன்றது. 1961ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் வழி வந்த மக்கள் நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த அந்த ரூர் வட்டாரத்தில் பெருமளவில் குடியேறினர். ஆகவே ஹலால் உணவுக்கும் பள்ளிவாசலுக்கும் அங்கே குறைவில்லை. அருகிலுள்ள டூயிஸ்பர்க்கில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்றும் நோட்டில் இருந்தது. மகள் தன் பங்குக்கு ஒரு செய்தியைச் சேர்த்தாள். 2022ஆம் ஆண்டு ரமழானில், ஆக்ஸ்பர்க் – மைன்ஸ் அணிகளின் ஆட்டத்தின் நடுவே நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மைன்ஸ் வீரர் மூசா நியாகாத்தே நோன்பு திறக்க நேரம் கொடுத்தார். பன்டஸ்லிகாவில் அதுவே முதல் முறை.

கடினமானவையும் இருந்தன. மைதானத்தில் பீர் ஆறாய் ஓடும். சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரங்கள் கண்ணெதிரே ஒளிரும். மகன் ஆசைப்பட்ட மஞ்சள் சுவருக்குள் மகளோடு நிற்க இயலாது என்று சொல்லிவிட்டோம். எதிர்ப்புறம் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "சுவருக்குள் நின்றால் சுவர் தெரியாது" என்று மகள் அவனைத் தேற்றினாள். நுழைவுச்சீட்டு அதைவிடப் பெரிய சிக்கல். ஏறத்தாழ 55,000 பேர் பருவம் முழுவதற்குமான சீட்டை வைத்திருக்கிறார்கள். எஞ்சியவற்றிலும் சங்க உறுப்பினர்களுக்கே முன்னுரிமை. இணையத்தில் பல மடங்கு விலைக்குக் கள்ளச் சீட்டு விற்போர் உண்டு. அந்தப் பக்கமே போவதில்லை, உறுப்பினராகி முறையாக முயல்வோம், கிடைக்காவிட்டால் அதே வட்டாரத்தில் வேறோர் ஆட்டத்தைக் காண்போம் என்று மகனே எழுதியிருந்தான்.

இறுதிப் பக்கத்தில் கணக்கு. நால்வருக்கு விமானக் கட்டணம், விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஒன்பது இரவுகளுக்கு அறை, ரயில், உணவு, சீட்டு. மொத்தம் ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். நான்காண்டுகளாக இருவரும் சேர்த்து வைத்திருந்த தொகை அதற்குப் போதுமானதாகவே இருந்தது.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன் விண்ணப்பிக்க இயலாது. ஆயினும் மகன் ஆவணங்களை முன்னதாகவே திரட்டத் தொடங்கினான். காலாவதியாகவிருந்த எங்கள் கடவுச்சீட்டுகளைப் புதுப்பிக்கச் செய்தான். பயண முகவர் ஒருவரிடமும் கேட்டோம். "வங்கியில் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது. யாரிடமாவது வாங்கி ஒரு மாதம் போட்டுக் காட்டுங்கள், பிறகு எடுத்துவிடலாம்" என்றார். பிறருடைய பணத்தை நம்முடையதாகக் காட்டுவது பொய்; அது வேண்டாம், இருப்பதை இருப்பதாகவே காட்டுவோம் என்று திரும்பிவிட்டோம். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற மனநிறைவும் அன்று இருந்தது.

அது ஆகஸ்ட் மாதம். இஷாவுக்குப் பின் மகன் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தான். விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்கான கடிதத்தின் முன்வரைவு அது. "இப்பயணத்தின் முழுச் செலவையும் ஏற்பதற்குப் போதிய வசதி எங்களுக்கு உண்டு, எங்கள் வங்கிக் கணக்கின் விவரங்களே அதற்குச் சான்று" என்று எங்கள் பெயரில் எழுதி, இருவரும் கையெழுத்திடுவதற்கு இடம் விட்டிருந்தான்.

மகள் அதை வாங்கி உரக்கப் படித்தாள். பிறகு எவ்விதக் குற்றச்சாட்டும் இல்லாத குரலில் கேட்டாள்: "உம்மா, ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று பள்ளிவாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பதாக வாப்பா நேற்றுச் சொன்னபோது, நமக்கு இன்னும் வசதி வரவில்லை என்று சொன்னீர்களே?"

அறையில் பேச்சே இல்லை.

பத்தாண்டுகளாக நாங்கள் இருவரும் சொல்லிவந்த சொல் அது. ஹஜ் செய்து திரும்பியவர்களை வரவேற்கப் போகும்போதெல்லாம், "நீங்கள் எப்போது?" என்ற கேள்விக்கு "அல்லாஹ் வசதி தர வேண்டும்" என்றே விடையளித்தோம். அதில் பொய் இருப்பதாக ஒருமுறைகூட எங்களுக்குத் தோன்றவில்லை. வசதி என்பது எங்கோ தொலைவில் இருப்பதாகவும், வரும்போது தானாகத் தெரியும் என்றும் எண்ணியிருந்தோம். அது வந்து எங்கள் கணக்கிலேயே இருந்தது. அந்தத் தொகையோடு இன்னும் சிறிது சேர்த்தால் இருவரும் ஹஜ் கமிட்டி வழியாகப் போய்வரலாம். ஒருவர் செல்வதற்கு அதுவே போதும். தூதரகத்துக்கு வசதி உண்டு என்று சொல்ல அணியமாக இருந்த நாங்கள், அல்லாஹ்விடம் வசதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிறர் பணத்தை நம்முடையதாகக் காட்ட மாட்டோம் என்று மறுத்தவர்கள், நம்முடைய பணத்தை இல்லாததுபோல் காட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு கையெழுத்திடவில்லை.

மறுநாள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போனோம். கால்பந்து பார்க்கப் போவதா என்று கடிந்துகொள்வார் என்றே எதிர்பார்த்தோம். அவர் கடியவில்லை. தொழுகை தவறாமல், ஹராமிலிருந்து விலகி, வீண்விரயமின்றிப் போய்வரும் பயணத்தில் தடையில்லை என்றார். பிறகு, கடன் இருக்கிறதா, ஸகாத் முறையாகக் கொடுக்கப்படுகிறதா, ஹஜ் முடிந்ததா என்று கேட்டார். மூன்றாவதில் தலைகுனிந்தோம்.

பிற மத்ஹபுகளில் வலுவான கருத்து, சக்தி வந்ததும் தாமதமின்றி ஹஜ் செய்ய வேண்டும் என்பது. ஷாஃபிஈ மத்ஹபில், பின்னர் செய்வேன் என்ற உறுதியோடு தாமதிக்க இடமுண்டு. ஆயினும் உடல்நலமோ பொருளோ கைவிட்டுப் போகும் என்ற அச்சம் இருந்தால் தாமதிக்கக் கூடாது என்று விளக்கினார். சட்டம் எங்களுக்கு வழிவிட்டதில் ஒரு கணம் மூச்சு வந்தது. உடனே அவர் கேட்டார்: "உறுதி இருக்கிறது என்கிறீர்கள். மைதானத்துக்குத் தேதி குறித்திருக்கிறீர்கள். இதற்குத் தேதி குறித்திருக்கிறீர்களா?"

மகனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்றும் அவரிடமே கேட்டோம். "வாக்கும் கடன்தான். முறிக்காதீர்கள். தள்ளிவைப்பதென்றால் அவனிடம் கேட்டுத் தள்ளிவையுங்கள், அறிவிக்காதீர்கள்" என்றார்.

இதுவே எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. மார்க்கத்தைச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைப்பது எளிது. ஹஜ் என்று ஒரு சொல் சொன்னால் அவனால் மறுபேச்சுப் பேச முடியாது. ஆனால் தன் ஆசையைப் பறித்துக்கொண்ட ஒன்றாகவே ஹஜ் அவன் நினைவில் தங்கிவிடக்கூடும். ஆகவே அவன் எதிரே உட்கார்ந்து உள்ளதைச் சொன்னோம்: "தவறு எங்களுடையது. முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் உனக்கு வாக்களித்துவிட்டோம். வாக்கு இன்னும் இருக்கிறது. ஓராண்டு, தேவையானால் ஈராண்டு தவணை தருவாயா?"

அவன் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போனான். இரண்டு நாட்கள் அந்தக் கதவு மீண்டும் சாத்தியிருந்தது. அவன் அழுதானா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

மூன்றாம் நாள் மகள் அவனுடைய அறைக்குள் போனாள். ஜெர்மனிக்காக 2014ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற மெசுத் ஓசில், 2016ஆம் ஆண்டு உம்ராவுக்குச் சென்று, இஹ்ராம் உடையில் கஅபாவின் எதிரே நிற்கும் படத்தைக் காட்டினாள். அது ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளுக்குச் சில வாரங்களுக்கு முன் எடுத்த படம். "பார், அவரே முதலில் அங்கேதான் போயிருக்கிறார்" என்றாளாம். உள்ளேயிருந்து மகனின் குரல் கேட்டது: "அவர் ஷால்கேயில் ஆடியவர்!" ஷால்கே, டோர்ட்மண்டின் பரம எதிரி அணி. பிறகு இருவரும் சிரிக்கும் ஓசை. வெளியே நின்ற எங்களுக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

அன்றிரவு மஞ்சள் நோட்டைத் திறந்து, வட்டமிட்ட தேதியின் மேல் ஒரு கோடு போட்டான். அதன் கீழே, "அடுத்த பருவம் அல்லது அதற்கடுத்தது – நால்வர் அல்ல, வாப்பாவும் நானும் மட்டும் என்றாலும் சரி" என்று எழுதினான். "நான் இல்லாமலா?" என்று மகள் சண்டைக்கு வந்தாள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஹஜ் விண்ணப்பத்தையும் மகனையே நிரப்பச் சொன்னோம். ஓராண்டாக ஆவணம் திரட்டிப் பழகிய கை. ஒரே மாலையில் முடித்துவிட்டான். டோர்ட்மண்ட் போவதற்காகப் புதுப்பித்த அதே கடவுச்சீட்டுகளின் எண்கள்தாம் அதில் ஏறின. இல்லாவிட்டால் அவ்வாண்டும் 'கடவுச்சீட்டு காலாவதியாகப் போகிறதே' என்று இன்னொரு காரணம் சொல்லியிருப்போம். கையெழுத்திடும் இடம் வந்தபோது அவன் எங்களைப் பார்த்தான். இம்முறை தயங்கவில்லை.

இதை எழுதும்போது குலுக்கல் முடிவு வரவில்லை. பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்போம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பணத்தை வேறெதற்கும் தொடுவதில்லை என்று நால்வரும் பேசிவைத்திருக்கிறோம். மைதானத்துக்கென்று தனியாக ஓர் உண்டியல் தொடங்கியிருக்கிறோம். அதில் முதல் நூறு ரூபாயைப் போட்டவள் மகள், தன் இடத்தை உறுதிசெய்துகொள்வதற்காக. ஆட்டங்கள் எப்போதும்போல் எங்கள் வீட்டில் ஓடுகின்றன. இஷா பாங்கு ஒலிக்கும்போது நாங்கள் இப்போது அவனைக் கவனிப்பதில்லை. அவனுக்கு முன் நாங்கள் எழுந்துவிடுகிறோம்.

பிள்ளைகளின் ஆசைகளைக் கேட்டுத் திட்டமிடுங்கள், கணக்குப் போடுங்கள். ஆனால் நம் வீட்டுக் கணக்கை அவர்கள் பார்த்துவிட்டால் கேள்வியும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மறுமையில் கேட்குமுன் இம்மையிலேயே மகளின் வாயால் கேட்கவைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். எங்களுடைய இரு பயணங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.